தாளிக்காத வீடு

பச்சை வாசனை போகணும். பெர்சிஸுக்குச் சமையலில் தெரிந்த முதல் கட்டளை அது; ஆண்டவர் கொடுத்த பத்தோடு பதினொன்றாக அவளே சேர்த்துக்கொண்டது. வெங்காயமானாலும் தக்காளியானாலும் அரைத்து ஊற்றிய மசாலாவானாலும் எண்ணெயில் கிடந்து வதங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, பச்சை வாசனை போகணும். போகாவிட்டால் அது குழம்பு இல்லை, கழனித்தண்ணி. இப்போது பார்த்தால், மகள் ஹெப்சிபா கேட்டிருப்பது ஆதியோடந்தமாகப் பச்சை வாசனையைத் தவிர வேறொன்றுமே இல்லாத ஒரு சாமான். பெஸ்டோவாம். இலையைப் பச்சையாக இடிக்கணும், பூண்டைப் பச்சையாக இடிக்கணும், முந்திரிப்பருப்பு, துருவின சீஸ், கடைசியில் ஒலிவ எண்ணெய், அதுவும் பச்சையாக. முடிந்தது. ‘அடுப்பே வேண்டாம்மா, அதுக்குத்தான் கேக்கேன்’ என்று காலையில் கட்டிலில் சுருண்டு கிடந்தபடி அவள் சொன்னபோது, சொன்னது என்ன என்பதைவிட, கேக்கேன் என்ற அந்தச் சொல்லே பெர்சிஸுக்குப் போதுமாக இருந்தது. பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் எதையும் கேட்கவில்லை. வேண்டாம், வேண்டாம், தூக்கிட்டுப் போ, இந்த மூன்றும்தான் அவள் பேச்சு. கடுகு வெடித்தால் போதும், மூன்று அறை தாண்டிக் குளியலறைக்கு ஓடுவாள். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்தால் ஓடுவாள். ஆகவே இந்த வீட்டில் தாளிப்பு நின்றுபோனது. ரசம் புளித்தண்ணியானது, கூட்டு அவித்த பூசணியானது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற அவள் வீட்டுக்காரர் ஆர்தர், தாளிக்காத ரசத்தை முதல் நாள் வாயில் வைத்துவிட்டு, ‘இன்னைக்கு உபவாசமாளா?’ என்று கேட்டார். அவர் கேலிக்கும் அடியில் பயம் இருந்தது. டாக்டரம்மா நேற்றுச் சொல்லிவிட்டாள், நாளைக்கும் வயிற்றில் ஒன்றும் தங்காவிட்டால் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிடுங்கள், டிரிப்ஸ் ஏற்றத்தான் வேண்டும் என்று. டிரிப்ஸ் ஏற்றுவது பெரிய காரியமில்லை, ஊர் உலகத்தில் ஏற்றாததா. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் சறுக்குப் பாதையில் ஹெப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஏறியாயிற்று. இரண்டு தடவையும் வெறுங்கையோடு இறங்கியாயிற்று. மூன்றாவது தடவை அதில் ஏறப் பெர்சிஸுக்குக் கால் வராது. ஆகையால் இந்தப் பச்சைத் துவையல் ஹெப்சி வயிற்றில் இன்றைக்குத் தங்கியாகவேண்டும்.

இலையை எதிர்வீட்டுக் கோமதி கொடுத்தாள். திருநீற்றுப்பச்சை. அவள் வீட்டுக் கிணற்றடியில் யாரும் விதைக்காமல் தானாக மண்டிக் கிடக்கிறது. ‘கதம்பத்துக்கா கேக்கிய? நீங்கதான் பூவே வைக்க மாட்டியளே’ என்று கோமதி ஆச்சரியப்பட்டாள். திங்கதுக்கு என்றதும் இன்னும் ஆச்சரியப்பட்டாள். ஹெப்சிக்கு என்றதும் முந்தானை நிறையப் பறித்துக் கொடுத்துவிட்டு, ‘மசக்கைக்காரி கேட்டதக் குடுத்துரணும், இல்லன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்’ என்றாள். நம்மிடத்தில் அப்படியெல்லாம் கிடையாது என்று பெர்சிஸ் வாய்திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிறிஸ்தவ வீட்டில் சகுனம் கிடையாது, சாஸ்திரம் கிடையாது. ஆனால் பிள்ளையின் காது என்று ஒன்று இருக்கிறதே. இப்போது அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்து தெருவே உறங்குகிறது. பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து சிமெண்டுத் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. கிள்ளக் கிள்ள விரலில் வாசனை ஏறுகிறது. கிராம்பு கொஞ்சம், சோம்பு கொஞ்சம், மழை பெய்த மறுநாள் கொஞ்சம். இந்த வாசனை எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறது. இலையில் இல்லை, வேறு எதிலோ. சர்பத். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தச் சர்பத் கடை, நன்னாரி சர்பத்தில் வழுக்கி வழுக்கி மிதக்குமே கறுப்பு விதை, அது இந்தச் செடியின் விதைதானாம், ஹெப்சி சொன்னாள். அப்படியானால் ஹெப்சி வயிற்றில் இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தினமும் இதைத்தான் குடித்தாளோ. குடித்தது சர்பத், தின்றது வேறே. மூன்றாம் வகுப்பு டீச்சரான அவள், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, சிலேட்டுக்குச்சியைத் தின்றாள். ஒன்று, இரண்டு இல்லை, பெட்டியோடு தின்றாள். பிள்ளைகள் குச்சி காணோம் என்று அழுதால் புதுசு வாங்கிக் கொடுப்பாள். நாக்கில் ஒட்டுகிற அந்தச் சாம்பல் ருசி, பல்லில் நறநறவென்று, ஐயோ, இன்றைக்கு நினைத்தாலும் எச்சில் ஊறுகிறது. யாரிடமும் சொன்னதில்லை. ஆர்தரிடம்கூட. சொல்லியிருந்தால் அந்த மனுஷர் இன்னும் கேலி பண்ணிக்கொண்டிருப்பார். கேட்காமலே எடுத்துத் தின்றதால்தானோ என்னவோ ஹெப்சியின் காதில் ஒன்றும் வடியவில்லை, பாம்புச் செவியாகத்தான் பிறந்தாள். அப்போது வாந்திகூடக் கிடையாது, பெர்சிஸ் கல்லைத் தின்றும் செரித்தாள். அம்மாக்காரிக்கு அவ்வளவு சுலபமாக வந்தது மகளுக்கு ஏன் வரவில்லை என்று இந்த இரண்டு வருஷமாகப் பெர்சிஸ் யோசிக்காத நாள் இல்லை.

மிக்ஸியில் போட்டால் நிமிஷத்தில் முடியும். ஆனால் மிக்ஸி ஊரைக் கூட்டும், ஹெப்சி இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். அதுவும் போக, மிக்ஸியில் இலை சூடாகிக் கறுத்துவிடும், கல்லில் இடி என்றுதான் அவளே சொன்னாள். இஞ்சி தட்டுகிற சின்னக் கல்லுரலை எடுத்து, சத்தம் கேட்காமல் இருக்கப் பழைய துவாலையை நாலாக மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் வைத்தாள். முதலில் பூண்டு. ஒரே ஒரு பல், அதுவும் சின்னது. நசுங்கியதும் குப்பென்று ஏறியது. பச்சை வாசனை! கை தானாக வாணலியைத் தேடியது. சும்மா இரு, என்று கைக்குச் சொன்னாள். சும்மா இருந்தது. பிறகு முந்திரி. அதற்கென்று இத்தாலியில் வேறு ஏதோ பருப்பு உண்டாம், அது இங்கே எந்தக் கடையில் கிடைக்கும், முந்திரி போதும் என்று ஹெப்சியே விட்டுவிட்டாள். நசுங்கிய முந்திரி பாலாக வந்தது. பிறகு இலை, ஒரு பிடி, இன்னொரு பிடி. தொம், தொம் என்று துவாலைக்குள் அடங்கிய சத்தம். வயிற்றின் மேல் காதை வைத்தால் கேட்குமே, ஸ்கேன் அறையில் அந்தப் பெண் ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தபோது கேட்டதே, அதைவிட இது மெதுவாகப் போகிறது. அது குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. முதல் தடவை ஓடியது. அடுத்த மாதம் அதே அறையில் அதே பெண் ஒலிபெருக்கியைக் கூட்டவே இல்லை, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெர்சிஸ் அப்போது திரையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஒரு தடவை எச்சில் விழுங்கியது. இரண்டாவது தடவை ஸ்கேனுக்கே வேலை வைக்கவில்லை. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. இலையைப் பார். இலை எவ்வளவு பச்சையாக இருக்கிறது. இவ்வளவு பச்சையை வேகவைக்காமல் தின்றால் பித்தம் கூடாதா, குளிர்ச்சியாகிச் சளி பிடிக்காதா, பச்சைப் பூண்டு சூடாயிற்றே, சூடு ஆகாதே இந்த மாதத்தில். குளிர்ச்சியும் சூடும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போகுமா, டாக்டரம்மாவைக் கேட்டாயிற்று, என்ன கேட்டாலும் கொடுங்கள், தங்கினால் சரி என்றுதானே சொன்னாள். தொம். தங்கட்டும். தொம். தங்கட்டும். ஜெபம் பண்ணுகிறோமா இடிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

முன்கதவு கொக்கி சத்தம் கேட்டது. ஒலிவ எண்ணெய் வாங்கிவரப் போயிருந்த ஆர்தர் சட்டை முழுக்க வியர்வையோடு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, திருடன் மாதிரி அடுக்களைக்குள் வந்தார். மகள் தூங்குகிறாள் என்ற பக்குவம். முகத்தில் ஜெயித்த களை.

“கெடச்சிட்டுளா. பெரிய கடையில இல்லன்னுட்டான். மெடிக்கல்ல வச்சிருக்கான் பாரு.”

சின்னப் பாட்டில். பெர்சிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பினாள். பாட்டிலில் ஒரு குழந்தை சிரித்தது. பொக்கைவாய், தொடையில் மடிப்பு, தலையில் ஒரு சுருட்டை முடி.

“என்னங்க இது?”

“ஒலிவ எண்ணெய்தான். எழுதியிருக்குல்லா.”

“பிள்ளைக்குத் தடவுத எண்ணெயில்லா வாங்கிட்டு வந்திருக்கிய. மேலுக்கு மட்டும்னு போட்டிருக்கு.”

“தடவினா என்ன, தின்னா என்ன? உள்ள போனாலும் வெளிய இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான.”

“அதுக்குச் சொல்லல.” குரலைத் தணித்தாள். “இப்ப போய் இதை வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியளே. பொறக்கதுக்கு முன்னால ஒரு துணிகூட வாங்கப்படாதுன்னு தெரியாதா உங்களுக்கு?”

ஆர்தர் பாட்டிலைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் குழந்தையைப் பார்த்தவர் மாதிரி பார்த்தார். ஜெயித்த களை அப்படியே வடிந்தது. “நான் எண்ணெய்னுதான்...” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல், “திருப்பிக் குடுத்துரட்டா?” என்றார்.

“வெயில்ல மறுபடி அலைய வேண்டாம். போய் ஃபேனுக்கடியில படுங்க. அவ கண்ணுல மட்டும் படப்படாது.”

அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனார். பாவம், சும்மா சொல்லக்கூடாது, மகளுக்காக நாக்கைக் கட்டிப்போட்ட மனுஷர். ஆனாலும் ஆண்பிள்ளைக்குக் கண்ணுக்கு முன்னால் இருக்கிற படம் தெரியாது. பாட்டிலை எங்கே வைப்பது? வெளியே எறியக் கை வரவில்லை, சிரிக்கிற பிள்ளையை எப்படிக் குப்பையில் போடுவது, அது அதைவிடப் பெரிய அபசகுனம். நம்மிடத்தில் சகுனம் கிடையாது. கிடையாதுதான். கீழ்த்தட்டில் உப்பு ஜாடிக்குப் பின்னால் தள்ளி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். உப்பு ஜாடியை அவளைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. முதல் தடவை மாப்பிள்ளை கிப்சன், நல்ல பையன், பாவம், சம்பளம் வந்த கையோடு தொட்டில் வாங்கிவிட்டான். மடக்கி வைக்கிற தொட்டில். அதை மடக்கியபடியே யாருக்கோ கொடுத்தார்கள். தொட்டிலால் ஒன்றும் ஆகவில்லை, தொட்டிலுக்கு என்ன தெரியும், எல்லாம் தெரிந்ததுதான். படித்த டீச்சர். ஆனால் இந்த எண்ணெயை இவர் இன்றைக்குத்தானா வாங்கணும். உரலில் இலை, இடித்த பச்சையாய், எண்ணெய்க்காகக் காத்துக் கிடக்கிறது. நல்லெண்ணெய் ஊற்றினால் என்ன? துவையலுக்கு நல்லெண்ணெய்தான் ராஜா. ஊற்றினால் ஹெப்சி மோந்து பார்த்ததுமே ஓடுவாள். எள் வாசனை ஆகாது. தேங்காய் எண்ணெய், சொல்லவே வேண்டாம். ஒலிவ எண்ணெய்தான் வேண்டும், அது இந்த வீட்டில் வேறெங்கே இருக்கிறது என்று தெரியாதவள் மாதிரி அவள் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இருக்கிறது. முன்னறை அலமாரியில், வேதப்புத்தகத்துக்குப் பின்னால், இருட்டில். அவளே கடையில் பார்த்து வாங்கிய சமையல் ஒலிவ எண்ணெய்தான், வாங்கிய கையோடு ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோய், எல்லாரும் கைவைத்து ஜெபம் பண்ணிக் கொடுத்த நாளிலிருந்து அது எண்ணெய் இல்லை, ஜெப எண்ணெய். முதல் தடவை ஹெப்சியின் நெற்றியிலும் வயிற்றிலும் அதைப் பூசினாள். இரண்டாவது தடவையும் பூசினாள், முதல் தடவை விசுவாசம் குறைந்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பூசினாள். கல்யாணத்தன்று சபைக் குருவான ஐயர் வாழ்த்துச் சொல்லும்போது ஒலிவமரம், ஒலிவமரக் கன்று என்று எவ்வளவு நேரம் பேசினார், இந்தத் தாமிரபரணிக் கரையில் ஒலிவமரத்தைக் கண்டவர் யார், சொன்ன அவராவது கண்டிருப்பாரா. கோவில் முழுக்க ஆமென் என்றார்கள். பெர்சிஸும் சொன்னாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு அந்தப் பாட்டிலைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள், திறக்கவில்லை. கோபம். யாரிடம் சொல்வது, டீச்சருக்கு ஆண்டவர்மேல் கோபம் என்று? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாள், காணிக்கை போட்டாள், பாட்டுப் பாடினாள், கோபமாகவே பாடினாள். இப்போது எழுந்துபோய் வேதப்புத்தகத்தை நகர்த்தி எடுத்தபோது பாட்டில் தூசியாக இருந்தது. மூடியைத் திறந்து மோந்தாள். கெட்டுப்போகவில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். ஜெப எண்ணெயை நக்குகிறோம் என்று பிறகுதான் உறைத்தது. லேசான கசப்பு, தொண்டையில் ஒரு காரல், பின்னால் புல்வாசனை. இதற்கு ருசி உண்டு என்றே இவ்வளவு நாள் தெரியாது. பூசினேனே ஆண்டவரே, இரண்டு தடவையும் மேலுக்குப் பூசினேனே. மேலுக்குப் பூசி என்ன கண்டேன்? இந்தத் தடவை உள்ளே கொடுக்கிறேன். தப்பாக இருந்தால் என்னைக் கேளும். பிள்ளையைக் கேட்காதேயும். அவள் இவ்வளவும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அடுக்களைக்கு நடந்துவந்த நடை, வகுப்பில் பிரம்போடு நடந்த நடையாக இருந்தது. சீஸ் கட்டியைத் தேங்காய்த் துருவியில் துருவினாள். காலுறையைக் கழற்றின வாடை அதற்கு, இதையா இந்தப் பிள்ளை தின்னப்போகிறது. உப்பு போடணும். உப்பு ஜாடிக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம், சீஸிலேயே உப்பு இருக்கும். ஜெப எண்ணெயைக் கொஞ்சம் விட்டு, குழவியால் சுற்றிச் சுற்றிக் குழைத்தாள். பச்சை வெளுத்தது, வெளுத்துப் பின்னும் பச்சையானது. வெயில் கோடு நகர்ந்து அவள் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஹெப்சி கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் காலை நீட்டி, காலின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். வழுக்கும். ஈர மீன் மாதிரி வழுக்கும், அழும், பிறகு வெந்நீர் பட்டதும் ஏமாந்து போய் அழுகையை நிறுத்தும். அந்தத் தொடையிலும் மடிப்பு இருந்தது. அந்த மடிப்புக்குள் எண்ணெய் தேங்கும், விரலால் வழித்து எடுக்கணும். காக்கா ஒன்று மதிலில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை கத்திவிட்டுப் போயிற்று. வழித்து எடுக்கணும். தண்ணீர் பதமாக இருக்கணும். முதுகுத்தண்டில் ஒரு வரி. துவையல் ஆயிற்று, இனி என்ன, துவையல் என்றால் கடைசியில் என்ன. எல்லாம் நல்லபடியாக முடிந்த வீட்டில் கடைசியில் என்ன. எழுந்து, தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய தாளிப்புக் கரண்டியை எடுத்தாள். அது நெடுநாளாகத் தொங்கிக் கிடந்து காய்ந்து போயிருந்தது. பாட்டிலில் மீதி இருந்ததை அதில் கவிழ்த்தாள். அடுப்பு டக்கென்று பற்றியது. நீலமாக எரிந்தது, அழகாக இருந்தது. இடதுகை அஞ்சறைப் பெட்டியைத் திறந்தது. ஹெப்சியின் தலையைத் துவட்டி, சாம்பிராணி போட்டு, நெற்றி வழித்து. விரல் நுனியில் கடுகு, குளிர்ச்சியாக, உருண்டு உருண்டு.

ஐயையோ.

கடுகு இன்னும் விரலில்தான் இருந்தது. அடுப்பை அணைத்தாள், அணைக்கிற அவசரத்தில் இரண்டு தடவை எதிர்ப்பக்கம் திருகிப் பிறகு அணைத்தாள். கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கடுகு வெடித்திருக்கும், அவள் ஓடியிருப்பாள், வெறும் வயிற்றில் ஓங்கரித்துப் பித்தநீர் பித்தநீராக எடுத்திருப்பாள், சறுக்குப்பாதை. எல்லாம் பெற்றவளாலே. நாற்பது வருஷத்துக் கை, சொன்ன பேச்சைக் கேட்காத கை. எண்ணெய் காயவில்லை, சுட்டதா சுடவில்லையா என்று தெரியாத பதத்தில் கரண்டியில் பளபளத்தது. அதிலிருந்து ஒரு வாசனை எழுந்து அடுக்களையைத் தாண்டிப் போயிற்று. போகாதே என்று கையால் மறிக்கவா முடியும். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்துவிட்டாள். பெர்சிஸ் கண்ணை மூடிக்கொண்டு, குளியலறைக் கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

“யம்மா. என்ன வாசன அது?”

குரல் குளியலறையிலிருந்து வரவில்லை. கண்ணைத் திறந்தால், அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு ஹெப்சி நிற்கிறாள். வந்ததிலிருந்து இந்த வாசற்படியை மிதிக்காதவள். தலை கலைந்து, உதடு வெடித்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு.

“ஒண்ணுமில்ல மக்கா. அணைச்சிட்டேன். நீ போ, போய்ப் படு.”

“நல்லாருக்கே” என்றாள் ஹெப்சி. மூக்கைச் சுருக்கி மறுபடி இழுத்தாள். “புல்லு வெட்டுன மாரி. ஊத்திட்டியா அதுல? ஊத்து.”

பெர்சிஸ் ஊற்றினாள். வெதுவெதுப்பான எண்ணெய் பச்சையின்மேல் பரவி, நிறத்தைத் தூக்கிக் கொடுத்தது. காலையில் அவித்து ஆறிப்போன இடியாப்பத்தைத் தட்டில் வைத்து நீட்டுவதற்குள் ஹெப்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள், உரலுக்குப் பக்கத்திலேயே. இடியாப்பத்தைப் பிய்த்து, உரலுக்குள் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி வாயில் வைத்தாள். பெர்சிஸ் அந்தத் தொண்டையைப் பார்த்தாள். விழுங்கியது. அடுத்த வாய். விழுங்கியது. மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி. வரவில்லை. வெந்தது வேகாதது எல்லாம் உள்ளே போய் அங்கேயே இருந்தது. ஹெப்சி கால்களை நீட்டிக்கொண்டாள், பாதத்தின்மேல் அந்த வெயில் கோடு ஏறியது.

“எண்ணெய் எங்க வாங்குன?”

“வீட்ல இருந்துது.”

“நல்ல எண்ணெய்.” இன்னொரு வாய். “உப்புத்தான் பத்தல.”

“இரு, நான் எடுக்கேன்,” என்று பெர்சிஸ் எழுவதற்குள், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹெப்சி கையை நீட்டிக் கீழ்த்தட்டில் உப்பு ஜாடியை இழுத்துவிட்டாள். ஜாடி நகர்ந்த இடத்தில் பாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எடுத்தாள். திருப்பினாள்.

“அப்பாவா?”

“அவியளுக்கு ஒண்ணும் தெரியாது மக்கா. எண்ணெய்னு கேட்டிருக்காவ, மெடிக்கல்காரன் இத எடுத்துக் குடுத்துட்டான். அதுக்குன்னு வாங்கல. நீ ஒண்ணும் நெனைக்காத. சாயங்காலம் திருப்பிக் குடுத்துருவாவ. இல்லன்னா கோமதி வீட்ல...”

ஹெப்சி பச்சை ஒட்டிய கட்டைவிரலால் படத்துக் குழந்தையின் தொடை மடிப்பைத் தடவினாள், அது பாட்டிலில் ஒரு பச்சைத் தீற்றலானது. அவள் முகத்தைப் பார்க்கப் பெர்சிஸுக்குத் தைரியம் இல்லை, கையைத்தான் பார்த்தாள். இரண்டு வருஷமாகப் பிள்ளை என்ற சொல்லை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுகிறவள். இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதைக்கூட ‘உடம்பு சரியில்ல’ என்றுதான் போனில் சொன்னாள்.

“குடுக்க வேண்டாம்,” என்றாள் ஹெப்சி. “மூடியத் தொறக்காம வையி. வேணும்லா.”

சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை உப்பை உரலில் போட்டு, விரலாலேயே கலக்கி, அடுத்த வாய்க்குப் பிய்த்தாள். பெர்சிஸுக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைக்கப்போய், கையிலிருந்த பூண்டு கண்ணில் பட்டுத் தீயாய் எரிந்தது, அதுவும் நல்லதாய்ப் போயிற்று, தாராளமாக அழலாம். எழுந்து பாட்டிலை வாங்கி, பச்சைத் தீற்றலைத் துடைக்காமல், முன்னறைக்குக் கொண்டுபோய், வேதப்புத்தகத்துக்குப் பின்னால் காலியாகிவிட்ட இடத்தில், குழந்தையின் முகம் முன்னால் தெரிய வைத்தாள். ஃபேனுக்கடியில் ஆர்தர் தூங்காமல் கிடந்து, தலையை மட்டும் தூக்கி, என்ன என்று கண்ணால் கேட்டார். அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“யம்மா, இன்னும் ரெண்டு இடியாப்பம் இருக்கா?”

இருந்தது.